அழுகியது ஒரு சாண், மாற்றுவது முழு நிலையா?

வாசகர் கேள்வி – பதில்

பழைய பொதுக் கட்டடங்களின் மரவேலை பற்றி வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்துவிட்டன. கதவு, ஜன்னல், மாடிப்படி, கூரைச் சட்டம் என்று ஆளுக்கொரு கவலை. அதனால் இந்த இதழில் வேறு எதற்கும் இடமில்லை, முழுக்க மரம்தான்.

எங்கள் நூலகக் கட்டடம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. முகப்பு வாசலின் நிலைக்கால்கள் இரண்டும் தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு அழுகிவிட்டன. அதற்கு மேலே ஆணிகூட இறங்காத அளவுக்கு மரம் உறுதியாக இருக்கிறது. ஒப்பந்தக்காரர் முழு நிலையையும் பெயர்த்துவிட்டுப் புதிது வைக்கலாம், அதுதான் நிரந்தரம் என்கிறார். செய்யலாமா?
— நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்

செய்யாதீர்கள். எட்டு அடி உயர நிலைக்காலில் ஒரு சாண் கெட்டதற்காக மீதி ஏழே கால் அடி நல்ல மரத்தை வெளியே எறிவது பழுதுபார்ப்பு ஆகாது. உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்லும் 'நிரந்தரம்' கிடைக்கவும் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நூறு வருடம் நின்ற மரம் இப்போது ஏன் அழுகியது? யாரும் முதலில் கேட்காத கேள்வி இதுதான். மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. 30 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். அப்படியானால் சமீப காலத்தில் எங்கிருந்தோ புதிதாகத் தண்ணீர் வந்திருக்கிறது. எங்கிருந்து என்று தேடுங்கள். தரையை உயர்த்திப் புதிதாகத் தளம் போட்டார்களா, அதில் நிலைக்காலின் அடி புதைந்துவிட்டதா? சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்ட் அடைத்தார்களா? சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அதை மரத்தோடு சேர்த்துப் பூட்டி வைத்துவிடும். மேலே மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா? தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிறார்களா? நிலைக்காலின் அடிமுனை, அதாவது மரத்தின் வெட்டுவாய், பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். இதைச் சரிசெய்யாமல் புது நிலை வைத்தால் அதுவும் அதே இடத்தில் அழுகும், அதுவும் சீக்கிரமாக, ஏனென்றால் இன்று வாங்கும் மரம் பெரும்பாலும் இளம் வயதில் வெட்டப்பட்டது, அதில் வைரம் (அடிமரத்தின் நடுவில் உள்ள கெட்டியான பகுதி) குறைவு, வெளிறு (பட்டையை ஒட்டிய மென்மையான பகுதி) அதிகம். உங்கள் பழைய நிலைக்கால் போன்ற வைரம் பாய்ந்த மரத்தை இப்போது தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

சரி, தண்ணீரை நிறுத்தியாயிற்று, மரத்தையும் காயவிட்டாயிற்று (இதற்கு மாதக் கணக்கில் ஆகலாம், அவசரப்படாதீர்கள்). இனிமேல்தான் தச்சு வேலை. கூரான கம்பியால் குத்திப் பார்த்து நல்ல மரம் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். மேலே உள்ள பாரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அந்தக் குறிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். நேராகக் குறுக்கே வெட்டக்கூடாது. படிபோலவோ சரிவாகவோ நீளமாக வெட்ட வேண்டும், கட்டையின் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்காவது. கீழே வைக்கும் புதுத் துண்டை அதற்கு எதிர்வடிவமாகச் செதுக்கி, இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டி, நடுவே மர ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். வெளிப்புறத்தில் இணைப்பின் சரிவு எப்போதும் தண்ணீரை வெளியே வழியவிடும் பக்கமாக இருக்கட்டும், திருப்பி வெட்டினால் அது தண்ணீரை உள்ளே இழுக்கும் வாய்க்கால் ஆகிவிடும். புதுத் துண்டு அதே வகை மரமாக, வைரமாக, பழையதோடு ஒத்த ஈரப்பதத்தில், இழை அதே திசையில் ஓடுவதாக இருக்க வேண்டும். ஜப்பானியத் தச்சர்கள் கோயில் தூண்களின் அடியை இப்படித்தான் பல நூற்றாண்டுகளாக மாற்றிவருகிறார்கள். தூண் அப்படியே நிற்கும், அதன் பாதம் மட்டும் புதிது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். புது அடிமுனை தரையில் நேரடியாகப் படக்கூடாது. கல் மேல் நிறுத்தி, அந்தக் கல்லின் மேற்புறம் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கதவுகளில் ஆணியும் திருகும் இல்லாமல் துளையும் நாக்குமாகவே வேலை செய்திருக்கிறார்கள். அதை இன்று அப்படியே திரும்பச் செய்வது பிடிவாதம் இல்லையா? மூலையில் ஒரு இரும்புப் பட்டை வைத்துத் திருகினால் பலமாக நிற்காதா?
— கட்டடப் பொறியியல் மாணவர்

பலமாகத்தான் நிற்கும், சில வருடங்களுக்கு. பிறகு பட்டையைச் சுற்றி மரம் பிளக்கும்.

மரம் கட்டடத்துக்குள் வந்த பிறகும் அசைந்துகொண்டேதான் இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவு இல்லை. நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமே இல்லை. அடிமரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓரளவு. வளையங்களின் போக்கில் அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. பழைய தச்சர் இதையெல்லாம் எண்ணால் எழுதி வைக்கவில்லை, ஆனால் கதவைப் பாருங்கள், அந்த அறிவு முழுக்க அதில் இருக்கிறது. சட்டங்கள் நான்கும் மூலைகளில் இறுகியிருக்கும். நடுவில் உள்ள பலகையோ சட்டத்தின் காடியில், அதாவது உள்விளிம்பில் வெட்டிய நீளப் பள்ளத்தில், சும்மா செருகியிருக்கும், பசை கிடையாது, ஆணி கிடையாது. மழைக் காலத்தில் பலகை உப்பிக் காடிக்குள் நகரும், வெயிலில் சுருங்கி வெளியே வரும், கதவின் அளவு மட்டும் பெரிதாக மாறாது. அந்தப் பலகையை யாராவது 'ஆடுகிறதே' என்று பசை தடவி ஒட்டினாலோ, சுற்றிலும் மக்கு வைத்து அடைத்தாலோ அடுத்த கோடையில் நடுவில் பிளந்து நிற்கும். பழைய கதவுகளில் பிளந்த பலகைகளைப் பார்த்தால் முதலில் காடியைச் சோதியுங்கள், பிற்காலத்தில் யாரோ செய்த 'பலப்படுத்தல்' அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

மூலை இணைப்பும் அப்படித்தான். ஒரு சட்டத்தில் துளை, இன்னொரு சட்டத்தின் முனையில் நாக்கு. நாக்கின் பருமன் சட்டத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும், அதற்கு மேல் போனால் துளைச் சுவர்கள் பலவீனமாகும், கீழே போனால் நாக்கு ஒடியும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது மர முளை வைக்கும் விதம். முளைக்கான ஓட்டையைத் துளைச் சட்டத்திலும் நாக்கிலும் ஒரே நேர்கோட்டில் போடமாட்டார்கள். நாக்கின் ஓட்டையை அதன் தோள் பக்கமாக, அதாவது நாக்கு தொடங்கும் இடத்தை நோக்கி, ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். சற்றுக் கூம்பிய, நன்றாகக் காய்ந்த முளையை அடித்து இறக்கும்போது அது அந்த வித்தியாசத்தை நேராக்கப் பார்த்து நாக்கை உள்ளே இழுக்கும். பசை இல்லை, கவ்வி இல்லை, முளையே இணைப்பை இறுக்கிவிடுகிறது. மரம் சுருங்கினாலும் அந்த இழுவை விடாது. இது பழுதுபார்ப்பவருக்கும் வசதி, ஏனென்றால் முளையை அதன் மெல்லிய முனைப் பக்கமிருந்து தட்டினால் கழன்றுவிடும், சட்டத்தைப் பிரித்து, கெட்ட துண்டை மட்டும் மாற்றி, மறுபடி பூட்டலாம். பட்டையும் திருகும் வைத்த மூலையில் இது நடக்காது. போதாததற்கு, இரும்பு குளிர்ந்த நேரங்களில் அதன்மேல் ஈரம் படியும், மரத்தில் உள்ள அமிலங்கள் அதை அரிக்கும், துரு மரத்தைக் கறுக்கச் செய்யும்.

ஆனால் இரும்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மரக்கூரை 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. வண்டுகள் அதன் பெரிய சட்டங்களை உள்ளே குகைபோலக் குடைந்துவிட்டன. 1914 முதல் 1923 வரை நடந்த வேலையில் எஃகுச் சட்டங்களைக் கண்ணில் படாதபடி உள்ளே பொருத்தி, பாரத்தை அவை தாங்கும்படி செய்துதான் பழைய மரத்தில் பெரும்பகுதியை அதே இடத்தில் காப்பாற்றினார்கள். பாரம்பரிய முறையால் முடியாதபோது, பயன் நிரூபணமான நவீன முறையைக் கையாளலாம் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறியான 1964இன் வெனிஸ் சாசனமே சொல்கிறது. வரிசை முக்கியம். முதலில் மரத்தை மரத்தால் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்.

பசை எது நல்லது? பழைய வச்சிரமா, இப்போதைய வெள்ளைப் பசையா?
— தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்

உட்புற மரவேலைக்கு வச்சிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை. சூடும் ஈரமும் கொடுத்தால் இளகும், நாளை இன்னொருவர் மரத்தை உடைக்காமல் பிரிக்க முடியும். அதே குணத்தால்தான் மழை படும் இடத்துக்கு அது ஆகாது. வெளிப்புறத் துண்டு ஒட்டுகளுக்குத் தண்ணீர் தாங்கும் பசை வைத்துக்கொள்ளுங்கள். மூலைத் துளை நாக்கு இணைப்புக்கு வெளிப்புறத்திலும் முளையே போதும்.

நகராட்சி மண்டபத்தின் ஜன்னல்களில் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறி, வேலைப்பாடே தெரியாமல் மூடிவிட்டது. சாண்டிங் மெஷின் வைத்து இழைத்துவிட்டு வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— கட்டடப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்பவர்

மெஷினை எடுக்கும் முன் ஈய சோதனை செய்யுங்கள். இதில் தாட்சண்யமே வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் சேர்ப்பது வழக்கம். அதை உலர்வாக இழைத்தால் கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறந்து இழைப்பவரின் நுரையீரலுக்கும் அவர் உடையோடு வீட்டுக்கும் போகும், சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்களுக்கும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், அல்லது பெயிண்டை இளக்கும் பசைக்குழம்பைத் தடவி எடுங்கள். தகுந்த முகக்கவசம், தரையில் விரிப்பு, வேலை முடியும்வரை பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

பெயிண்டைச் சூட்டில் உரிக்கும் ஹீட் கன், ப்ளோ லாம்ப் இரண்டையும் பழைய கட்டடத்துக்குள் விடவே விடாதீர்கள். இங்கிலாந்தில் அப்பார்க் என்ற பழைய மாளிகை 1989இல் தீப்பிடித்தது, கூரையில் ஈயத் தகடு பற்றவைத்துக்கொண்டிருந்தவர்களின் நெருப்பு காரணம். பழுதுபார்க்க வந்த வேலையே கட்டடத்தை எரித்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பல வருடத் தூசியும் மரத்தூளும் அடைந்திருக்கும், அதற்குள் ஒரு பொறி விழுந்தால் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், முழுக்கச் சுரண்ட வேண்டிய அவசியம் என்ன? உரிந்த இடத்தை மட்டும் எடுத்து, பிடிப்பாக இருப்பதை விட்டு, மேலே அடிக்கலாம். செதுக்கு வேலை மூடிப்போன இடங்களில் பொறுமையாகக் கையால் எடுங்கள். எங்காவது கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அளவுக்கு எல்லா அடுக்கையும் அப்படியே விட்டுவையுங்கள், அந்தக் கட்டடம் எந்தக் காலத்தில் என்ன நிறத்தில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இருக்காது. வார்னிஷ் பற்றி: முதல் அடுக்கே பெயிண்டாக இருந்தால் அந்த ஜன்னல் பெயிண்ட் அடிக்கவென்றே செய்யப்பட்டது. அதை மரநிறமாக்குவது இப்போதைய ரசனை, அவ்வளவுதான். வெயிலில் பெயிண்ட் தரும் பாதுகாப்பை வார்னிஷ் தராது.

சட்டங்களில் சின்னச் சின்ன ஓட்டைகள். பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்து முழுக் கட்டடத்துக்கும் விலை சொல்கிறார்.
— பள்ளி நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவர்

ஓட்டை என்பது பூச்சி வெளியேறிய வாசல். உள்ளே இன்னும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை, ஐம்பது வருடத்துக்கு முன்னால் போனதாகக்கூட இருக்கலாம். ஓட்டைகள் உள்ள இடத்தில் மெல்லிய தாளை ஒட்டிவிட்டுத் தேதி எழுதி வையுங்கள். வண்டுகள் வெளிவரும் பருவம் தாண்டியும் தாளில் புது ஓட்டை இல்லை, கீழே வெளிர்நிறப் புதுத்தூள் இல்லை என்றால் மருந்து தேவையில்லை. ஒரு மில்லிமீட்டர் அளவு ஓட்டை போட்டு மாவுபோல் தூள் தள்ளும் வண்டு வெளிற்றை மட்டும்தான் தின்னும், வைரத்தைத் தொடாது. மூன்று மில்லிமீட்டர் ஓட்டை என்றால் கவனம் அதிகம் வேண்டும். அந்த வகைப் புழுக்கள் மரத்துக்குள்ளேயே பல வருடம் வாழும், ஈரம் பட்டுப் பூஞ்சை தொட்ட மரத்தைத் தேடிப் போகும். வெஸ்ட்மின்ஸ்டர் கூரையைக் குடைந்தது அதுதான். மேலே தெளிக்கும் மருந்து அவ்வளவு ஆழம் போகாது. ஒழுகலை நிறுத்தி மரத்தைக் காயவைத்தால் அவற்றின் பிழைப்பு தானாகக் குறையும்.

மண்பாதை தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அது கரையான், தரையிலிருந்து வருகிறது, உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

மழை வந்தால் கூட்ட அரங்கின் பெரிய இரட்டைக் கதவு சிக்கிக்கொள்கிறது. இழைத்துவிடலாமா?
— அரங்கப் பொறுப்பாளர்

மழைக் காலத்தில் இழைப்புளியைத் தொடாதீர்கள். உப்பியிருக்கும்போது சரியாக இழைத்த கதவு கோடையில் விரல் நுழையும் இடைவெளியோடு நிற்கும். முதலில் விளிம்புகளில் எத்தனை கோட்டிங் பெயிண்ட் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், பல கதவுகளில் சிக்கல் அது மட்டும்தான். அடுத்து கதவின் மூலைக்கு மூலை அளவெடுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லை என்றால் கதவு தொங்கியிருக்கிறது. மேல் கீலின் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது மூலையில் நாக்கை இறுக்க அடித்த ஆப்பு சுருங்கி விட்டுப்போயிருக்கலாம். கீல் என்றால் பழைய ஓட்டையில் மரத்துண்டு அடித்துப் புதிதாகத் திருகுங்கள். ஆப்பு என்றால் கதவை இறக்கிப் படுக்கவைத்து, சதுரமாக்கி, புது ஆப்பு அடிக்க வேண்டும். பொதுமக்கள் கூடும் இடம் என்பதால் ஒன்று சொல்கிறேன்: இது அவசரகால வழி என்றால் இன்றைக்கே ஒரு தற்காலிக ஏற்பாடு செய்யுங்கள், சிக்கிக்கொள்ளும் கதவை மழைக் காலம் முடியட்டும் என்று விட்டுவைக்க முடியாது.

மாடிப்படிக் கைப்பிடியில் கடைசல் கால்கள் சில காணாமல் போயிருக்கின்றன. சுவர்ப் பலகையில் ஒரு செதுக்கு வேலையும் இல்லை, அதற்குப் புகைப்படமும் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்தால் பழையதுபோலவே செய்ய வேண்டுமா, வித்தியாசம் தெரியும்படி செய்ய வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— கட்டடக்கலை படித்த வாசகி

கடைசல் கால்களுக்குக் கேள்வியே இல்லை. பக்கத்திலேயே அதே கால்கள் நிற்கின்றன, அளவெடுத்துக் கடையச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் பார்த்து அளவெடுக்காமல் நாலைந்தைப் பாருங்கள், கையால் கடைந்தவை ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

செதுக்குப் பலகை வேறு விஷயம். வெனிஸ் சாசனம் ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்கிறது. அங்கே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாதபோது அழகான ஒரு கொடியைச் செதுக்கி வைத்தால், இன்னும் இருபது வருடத்தில் அதைத்தான் அசல் என்று மாணவர்கள் வரைந்துகொண்டிருப்பார்கள். அதே மரத்தில் வெற்றுப் பலகை ஒன்றை ஒழுங்காகப் பொருத்திவிடுங்கள். கண்ணை உறுத்தாது, பொய்யும் சொல்லாது.

வித்தியாசம் பற்றிய சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. புதுத்துண்டு முழுமையோடு இசைந்து போக வேண்டும், அதேசமயம் அசலிலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும் என்று அதே சாசனம் கேட்கிறது. அசல்தன்மை பற்றி ஜப்பானின் நாரா நகரில் உருவான 1994இன் நாரா ஆவணம் வந்த பிறகு, அசல்தன்மை மரத்துண்டில் மட்டும் இல்லை, செய்முறையிலும் மரபிலும் இருக்கிறது என்பதையும் உலகம் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் என் யோசனை இதுதான்: அதே மரம், அதே இணைப்பு, அதே கருவி. எட்டி நின்று பார்த்தால் ஒன்றாகத் தெரியட்டும், கிட்டே போனால் ஒட்டுக்கோடு தெரியட்டும். செயற்கையாகக் கீறிச் சுட்டுப் பழசாக்க வேண்டாம். மறைவான பக்கத்தில் வருடத்தைப் பொறித்துவிடுங்கள். ஜப்பானில் மாற்றிய துண்டுகளில் இப்படி முத்திரை இடுவது வழக்கம், பிறகு எந்தக் காலத்தில் யார் பிரித்துப் பார்த்தாலும் குழப்பம் இல்லை.

இன்னொன்று. இப்போது நன்றாக இருக்கும் பகுதிகளையும் அளவெடுத்து வரைந்து வையுங்கள். 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயக் கூரை முழுக்க எரிந்துபோனது. அதன் ஓக் சட்டங்கள் ஒவ்வொன்றையும் தீக்குச் சில வருடம் முன்பே கட்டடக் கலைஞர்கள் இருவர் அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்த வரைபடங்கள் கையில் இருந்ததால்தான், தச்சர்கள் பச்சை ஓக் மரத்தைக் கோடாரியால் கையாலேயே செதுக்கி, இடைக்காலத்து அமைப்பையே மறுபடி எழுப்ப முடிந்தது. 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது.

எல்லாம் சரி, நல்ல தச்சருக்கு எங்கே போவது? டெண்டர் விட்டால் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் கொடுக்க முடியும்.
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர்

இந்தக் கடிதத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் கெடுவதை விட ஒப்பந்தத் தாள் கெடுப்பது அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

வேலைப் பட்டியலில் 'புது மரம் இத்தனை கன அடி' என்று எழுதி, கன அடிக்கு விலை கேட்டால் என்ன நடக்கும்? எவ்வளவு மரம் மாற்றுகிறாரோ அவ்வளவு பணம். ஒரு சாண் மாற்றினால் நஷ்டம், முழுக் கட்டையை மாற்றினால் லாபம். ஒப்பந்தக்காரர் கெட்டவர் என்பதால் இல்லை, அந்தத் தாள் அவரை அப்படித்தான் செய்யச் சொல்கிறது. எனவே முதலில் தாளை மாற்றுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு வெட்ட வேண்டும், எந்த வகை ஒட்டு என்று குறித்து, 'எண் 14 ஜன்னல், கீழ்ச்சட்டத்தின் இடது முனை ஒட்டு, ஒன்று' என்ற மாதிரி வேலைக்கு விலை கேளுங்கள். இந்தக் கணக்கெடுப்புக்கே அனுபவமுள்ள தச்சர் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட வையுங்கள். கட்டடத்தைத் தட்டிப் பார்த்தே எங்கே பொந்து என்று சொல்லிவிடுவார். சந்தேகமான பெரிய உத்தரங்களுக்கு மட்டும் ஊசித் துளைக் கருவி கொண்டுவரலாம். மெல்லிய ஊசி மரத்துக்குள் போகும்போது எங்கே தடை குறைகிறது என்பதை அது கோடாக வரைந்து காட்டும். பிரித்த பிறகு எதிர்பாராமல் கூடுதல் சேதம் தெரியவரும் என்பதால் அதற்கும் தொகை ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வேலை நின்றுபோகும்.

அப்புறம் மாதிரி. விலை சொல்ல வருகிற ஒவ்வொருவரும் கூலி வாங்கிக்கொண்டு ஒரு துளை நாக்கு இணைப்பும், நிலைக்காலுக்குச் சொன்னதுபோல் நீளமாக வெட்டி இணைக்கும் ஒரு நீள ஒட்டும் செய்து காட்டட்டும். இடைவெளியில் மக்கு வைத்து அடைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தகுதிச் சுற்று ஒன்று, விலைச் சுற்று ஒன்று என இரண்டாகப் பிரித்தால், மாதிரியில் தேறியவர்களுக்குள்தான் குறைந்த விலையைப் பார்க்க வேண்டியிருக்கும், விதியும் மீறப்படாது. தேறியவருடைய மாதிரியை வேலை முடியும்வரை அலுவலகத்தில் வைத்திருங்கள், மீதி வேலை அதற்குக் குறையக்கூடாது.

மரத்தை வேலை தொடங்கும்போது வாங்கினால் தாமதம். இயற்கையாகக் காய ஒரு அங்குலப் பருமனுக்குச் சுமார் ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. மூன்று அங்குலச் சட்டத்துக்கு நிதி அனுமதி கிடைத்த அன்றைக்கே மரத்தை எடுத்து, துண்டுக்கட்டைகள் இடையில் வைத்து, காற்றாட அடுக்கிவிட வேண்டும். கழற்றிய பழைய மரம் எதுவும் கணக்கில்லாமல் வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அழுகிய உத்தரத்தின் நல்ல பகுதி நாளைக்கு ஜன்னல் ஒட்டுக்கு ஆகும், அதைவிடப் பொருத்தமான மரம் கடையில் இல்லை.

ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆளை உருவாக்க வேண்டும். ஜப்பானில் ஹோர்யூஜி கோயிலின் பெரும் பழுதுபார்ப்பு 1934இல் தொடங்கி 1985 வரை நடந்தது. அதில் வேலை செய்த தலைமைத் தச்சர் நிஷியோகா சுனெகாசு, பழைய தூண்களில் இருந்த கருவித் தடம் இப்போதைய இழைப்புளியால் வராது என்று கண்டு, வழக்கொழிந்துபோன ஈட்டி வடிவ இழைப்புக் கருவியை மறுபடி அடிக்கச் செய்து பயன்படுத்தினார். வேலைத்தளமே பள்ளிக்கூடமாக இருந்ததால்தான் அடுத்த தலைமுறை வந்தது. அந்த நாட்டின் மரக்கட்டடப் பராமரிப்புத் திறன்களை 2020இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் ஒப்பந்தத்தில் 'ஒரு தலைமைத் தச்சருக்கு இரண்டு பயிற்சியாளர், அவர்களுக்கும் சம்பளம்' என்று ஒரு வரி சேர்க்க எந்த விதியும் தடுக்காது.

நான் தொழிற்பயிற்சியில் மரவேலை இரண்டாம் வருடம். பழைய கட்டட வேலைக்குப் போக ஆசை. இப்போதே எதைப் பழக வேண்டும்?
— மாணவி

தீட்டுவதை. உளி மழுங்கலாக இருந்தால் பழைய மரத்தின் இழை நசுங்கும், ஒட்டு ஒருபோதும் சேராது. தினமும் வேலை தொடங்கும் முன் தீட்டி, மரத்தின் வெட்டுவாயில் சுத்தமாகச் சீவல் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, கட்டடம் இடிக்கும் இடங்களில் உடைந்த பழைய சட்டங்கள் கிடைக்கும். கேட்டு வாங்கி மூலை இணைப்பை நடுவே வாளால் அறுத்துப் பாருங்கள், நாக்கு எவ்வளவு நீளம், முளை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, தச்சர் கீறிய கோடு எங்கே என்று எல்லாம் தெரியும். அதே அளவில் ஒன்று செய்து பாருங்கள். பிறகு பழைய மரத்தில் புதுத்துண்டை ஒட்டிப் பழகுங்கள், புதிய மரத்தோடு புதிய மரத்தை ஒட்டுவதை விட அது ரொம்பக் கடினம், ஏனென்றால் பழைய கட்டை நேராகவும் இருக்காது, சதுரமாகவும் இருக்காது, மூலைமட்டம் அங்கே உதவாது. பழையதன் வடிவத்தைத்தான் புதியதில் கீறி எடுக்க வேண்டும், பழையதை நேராக்க ஒரு சீவல்கூட எடுக்கக்கூடாது.